ஜீப்பில் வரும் மண்வெட்டிகள்

(பொதுக்கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



காட்டுப் பாதைகளைப் பேணும் ஆஃப்-ரோடு கிளப்புகள் என்பது இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். அழைப்பிதழில் இதைப் பார்த்தபோது உங்களில் பலர் புருவம் உயர்த்தியிருப்பீர்கள். ஜீப்புக்கும் காட்டுக்கும் என்ன உறவு? பாறைமேல் ஏறி உறுமுகிற வண்டி, சேற்றை வாரியடிக்கிற சக்கரம், அதை ஓட்டி மகிழ்கிற கூட்டம், இவர்களா காட்டைப் பேணுகிறவர்கள்? நியாயமான கேள்வி. அதை ஓரம் தள்ளிவிட்டுப் பேச எனக்கு மனமில்லை. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு மலைச்சரிவை நினைத்துக்கொள்ளுங்கள். மழை ஓய்ந்த மறுநாள். மண் இன்னும் ஊறிக் கிடக்கிறது. அந்த நேரத்தில் ஒரு வண்டி ஏறிப் போகிறது. பின்னால் இரண்டு பள்ளக் கோடுகள் விழுகின்றன. அவ்வளவுதானே என்கிறீர்களா? அடுத்த மழை வரட்டும். காட்டுத்தரை எங்கும் பரவிச் சருகில் ஊறி மெல்ல இறங்க வேண்டிய தண்ணீர் எங்கே போகும்? அந்த இரண்டு கோடுகளில்தான் திரளும். திரண்ட தண்ணீருக்கு வேகம் வரும். வேகம் வந்த தண்ணீர் மண்ணை அரிக்கும். பள்ளம் முழங்கால் ஆழமாகும். அப்போது வருகிற அடுத்த வண்டிக்காரர் என்ன செய்வார்? பள்ளத்துக்கு ஒதுங்கிப் பக்கத்துப் புல்லின்மேல் ஏற்றுவார். அங்கே இன்னும் இரண்டு கோடுகள். மறு வருடம் அதுவும் பள்ளம். ஒரு பாதை மூன்று பாதையாகும். மூன்று பாதையின் மண்ணும் கீழே ஓடைக்குத்தான் போகும்.

ஓடையில் என்ன நடக்கிறது? மலையோடைகளில் டிரௌட் மீன்கள் கூழாங்கற்களுக்கு இடையில் முட்டையிடுகின்றன. அந்தக் கல் இடுக்குகளின் வழியே ஓடும் குளிர்ந்த நீர்தான் முட்டைகளுக்கு ஆக்சிஜன் கொண்டுவருகிறது. மேலேயிருந்து வந்த வண்டல் இடுக்குகளை அடைத்துவிட்டால் அந்த ஆண்டின் குஞ்சுகள் பிறக்காமலே போகும். மேலே சரிவில் ஒருவர் அரை மணி நேரம் அனுபவித்த உற்சாகத்தின் கணக்கு, கீழே ஓடையில் இப்படி எழுதப்படுகிறது.

காயம் ஆற எத்தனை காலம் ஆகும்? அது மண்ணைப் பொறுத்தது, மழையைப் பொறுத்தது. 1942-இல் அமெரிக்க ராணுவத்தின் ஜெனரல் பேட்டன் தம் டாங்கிப் படைக்குக் கலிஃபோர்னியாவின் பாலைநிலத்தில் பயிற்சி கொடுத்தார். எண்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. இரண்டாம் உலகப் போரில் சண்டையிட்டவர்களில் பெரும்பாலோர் இன்று இல்லை. டாங்கிகள் போன தடம் இன்றும் தெரிகிறது.

ஆகவே, சக்கரம் தீங்கு செய்யும். இதை முதலில் ஒப்புக்கொண்டு மேலே போவோம். ஏனென்றால் நான் சொல்ல வந்த மனிதர்களும் இதை ஒப்புக்கொண்டுதான் மண்வெட்டியைக் கையில் எடுத்தார்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், குறிப்பாகப் பின்வரிசை இளைஞர்களுக்கு. நான் பேசப்போவது அமெரிக்காவின் தேசியக் காடுகளைப் பற்றி. அங்கே குறிப்பிட்ட பாதைகளில் வண்டி ஓட்டச் சட்டமே இடம் தருகிறது. நம் காப்புக் காடுகளின் நிலை வேறு. 1882-ஆம் ஆண்டிலிருந்து நம்மிடம் இருக்கும் வனச் சட்டப்படி, அனுமதியின்றி அவற்றுக்குள் நுழைவதே குற்றம். இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு யாரும் வண்டியை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் புறப்பட வேண்டாம்.

அமெரிக்க மத்திய அரசின் வனத்துறையிடம் இருக்கும் தேசியக் காடுகளும் புல்வெளிகளும் சேர்ந்து ஏறத்தாழ 19 கோடியே 30 லட்சம் ஏக்கர். அவற்றுக்குள் இரண்டரை லட்சம் கிலோமீட்டருக்கும் மேல் பாதைகள். நடப்பவர்க்கு ஒன்று, குதிரைக்கு ஒன்று, சைக்கிளுக்கு ஒன்று, மோட்டார் வண்டிக்கு ஒன்று என்று பிரிந்து கிடப்பவை. இவற்றில் மோட்டாருக்குத் திறந்திருப்பது ஒரு பங்குதான். 1964-ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் வனாந்தரம் என்று அறிவிக்கப்பட்ட பகுதிகளில் எந்த மோட்டாரும் போகக் கூடாது.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ராணுவ ஜீப்புகள் சந்தைக்கு வந்தன. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி சாதாரணக் குடும்பத்துக்கும் கிடைத்தது. பிறகு மோட்டார் சைக்கிள்கள் வந்தன. காட்டில் எங்கு வேண்டுமானாலும் போகலாம் என்ற காலம் அது. எங்கு வேண்டுமானாலும் போனார்கள். 1972 பிப்ரவரியில் அதிபர் நிக்சன் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். அரசு நிலங்களில் சாலைவிட்டு ஓடும் வண்டிகள் எங்கே போகலாம், எங்கே கூடாது என்று துறைகள் வரையறுக்க வேண்டும் என்றது அந்த ஆணை. அதே 1972-இல் மே மாதம் இன்னொரு சட்டம் பிறந்தது. தேசியக் காடுகளில் பொதுமக்கள் சம்பளமின்றித் தொண்டு செய்ய வழிவகுத்த சட்டம். தொண்டு செய்யும்போது காயம்பட்டால் அவரை அரசு ஊழியராகவே கருதி இழப்பீடு தரவேண்டும் என்றும் அது சொல்லியது.

அன்பர்களே, இந்த இரண்டும் ஒரே ஆண்டில் வந்ததைக் கவனியுங்கள். ஒன்று, இந்தக் கோட்டுக்கு வெளியே போகாதே என்றது. மற்றொன்று, வந்து வேலை செய், உன் உயிருக்கு நாங்கள் பொறுப்பு என்றது. இரண்டையும் எழுதியவர்கள் சேர்த்து யோசித்து எழுதினார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பின்னாளில் ஆஃப்-ரோடு கிளப்புகளின் வாழ்க்கை இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அமைந்தது. வரம்புக்குள் ஓட்டுவது, வரம்பைப் பேணுவது.

எங்கே போகலாம் என்ற வரையறை முழுமையாக வர இன்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. 2005-இல் வனத்துறை புதிய விதி கொண்டுவந்தது. ஒவ்வொரு காடும் மோட்டார் வண்டிக்கான வரைபடம் வெளியிட வேண்டும். வரைபடத்தில் இருந்தால் போகலாம். இல்லையென்றால், கண்ணெதிரே தடம் இருந்தாலும் போகக் கூடாது. பல கிளப்புகள் இதைக் கடுமையாக எதிர்த்தன. தாத்தா காலத்திலிருந்து ஓட்டிய பாதைகள் ஒரே நாளில் சட்டத்துக்குப் புறம்பாயின. அந்தக் கோபத்தை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. இருந்தும் அந்த விதி சரியானது என்பதே என் கருத்து. எல்லை தெரியாத இடத்தில் பேணுவதற்கு என்ன இருக்கிறது?

சரி, பாதைகள் வரைபடத்தில் ஏறிவிட்டன. அவற்றைச் சீர்செய்வது யார்? அரசுதானே? அரசுதான். அரசிடம் பணம் இருந்ததா? 1995-இல் வனத்துறையின் ஆண்டு நிதியில் காட்டுத்தீக்குச் செலவானது நூற்றுக்குப் பதினாறு. 2015-இல் அது நூற்றுக்கு ஐம்பதைத் தாண்டியது. தீ வருடா வருடம் பெரிதாகிறது. தீயை அணைக்க ஓடும் கைகள் பாதையைச் சீர்செய்ய வருவதில்லை. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2013-இல் வெளியிட்ட அறிக்கை என்ன சொல்லியது தெரியுமா? வனத்துறை தனக்குத்தானே வகுத்த தரத்தை எட்டிய பாதைகள் நான்கில் ஒரு பங்குதான். செய்யாமல் நிலுவையில் கிடந்த பராமரிப்பு வேலையின் மதிப்பு மட்டும் 31 கோடியே 40 லட்சம் டாலர்.

இந்த இடைவெளியில் வந்து நின்றவர்கள் பலர். நடைப்பயணச் சங்கத்தார், குதிரைக்காரர்கள், சைக்கிள்காரர்கள். அவர்களோடு ஜீப்காரர்களும். இன்று நான் கடைசியில் சொன்னவர்களைப் பற்றிப் பேசுகிறேன். ஏனென்றால் இவர்களைத்தான் யாரும் எதிர்பார்க்கவில்லை.

ஒரு பாதையின் கதையை விரிவாகச் சொல்லுகிறேன். அதன் பெயர் ரூபிகான். கலிஃபோர்னியாவின் சியெரா நெவாடா மலையில், டாஹோ ஏரிக்கு மேற்கே கிடக்கிறது. ஜீப் நிறுவனம் தன் வண்டிகளில் ஒன்றுக்கு 2003-இல் இந்தப் பாதையின் பெயரையே சூட்டியது என்றால் அதன் புகழைப் புரிந்துகொள்ளலாம். முதலில் அது அந்த மலையைக் குறுக்கே கடக்கப் பழங்குடி மக்கள் நடந்த வழி. 1887-இல் எல்டொராடோ கவுண்டி, அதாவது அங்குள்ள மாவட்ட நிர்வாகம், அதைப் பொதுப்பாதையாக அறிவித்தது. ரூபிகான் ஊற்றின் தாது நீருக்காக அந்தக் காலத்தில் அங்கே ஒரு விடுதிகூட இருந்தது. விடுதி போயிற்று, பாதை கரடாயிற்று. 1953-இல் ஜார்ஜ்டவுன் என்ற சிற்றூரிலிருந்து ஜீப்புகள் ஒரு கூட்டமாகப் புறப்பட்டு அந்தப் பாதையைக் கடந்தன. அது ஆண்டு விழாவாயிற்று. விழா பெயரைப் பரப்பியது. பெயர் கூட்டத்தைக் கொண்டுவந்தது.

கூட்டம் வந்தால் என்ன வரும்? குப்பை வரும். எண்ணெய் வரும். பாறையில் அடிவயிறு இடித்து வண்டியின் எண்ணெய்த்தொட்டி உடையும். உடைந்த தொட்டியின் எண்ணெய் கருங்கல்லில் வழிந்து ஏரிக்குப் போகும். இன்னொன்றும் வரும். இந்தச் சபையில் அதைச் சொல்லத் தயங்கினேன், ஆனால் சொல்லாமல் இந்தக் கதை நகராது. மனிதக் கழிவு. ரூபிகானின் பெரும்பகுதி வெறும் கருங்கல். குழி தோண்டிப் புதைக்க மண் வேண்டாமா? மண்ணே இல்லை. ஸ்பைடர் ஏரி என்ற அழகான ஏரியின் கரையில் ஆயிரக்கணக்கானோர் முகாமிட்டார்கள். 2004-இல் கவுண்டியின் சுகாதார அதிகாரி அந்த ஏரிக்கரையை மூடினார். காரணம், கழிவு.

அதற்கும் மூன்று ஆண்டுகள் முன்பே, 2001-இல், சில ஓட்டுநர்கள் விழித்துக்கொண்டு ஃபிரெண்ட்ஸ் ஆஃப் த ரூபிகான் என்ற பெயரில் ஒன்றுசேர்ந்திருந்தார்கள். பல கிளப்புகளின் ஆட்கள். தலைமையகம் கிடையாது, சம்பள ஊழியர் கிடையாது. வார இறுதியில் வருவார்கள், கல் சுமப்பார்கள், வடிகால் வெட்டுவார்கள். பிறகு ரூபிகான் டிரெயில் ஃபவுண்டேஷன் என்ற அறக்கட்டளை அமைந்தது. ஏரிக்கரை மூடப்பட்டதும் இவர்கள் என்ன செய்தார்கள்? கோபப்பட்டிருக்கலாம். சிலர் கோபப்படவும் செய்தார்கள். ஆனால் வேலைக்கு வந்தவர்கள் ஒரு கடினமான முடிவை எடுத்தார்கள். கழிவை அவரவரே திரும்ப எடுத்துச் செல்லவேண்டும். மூடி இறுக்கும் பைகளைப் பாதையின் நுழைவாயிலில் நின்று வருவோர் கையில் கொடுத்தார்கள். தெரியாத மனிதரை நிறுத்தி, ஐயா, உங்கள் மலத்தை நீங்களே திரும்ப எடுத்துச் செல்லுங்கள் என்று சொல்வது எளிதா? அதைச் சீருடை போட்ட அதிகாரி சொன்னால் முறைப்பார்கள். தன்னைப் போலவே டயரில் காற்றை இறக்கிக்கொண்டு நிற்கும் இன்னொரு ஜீப்காரர் சொன்னால் கேட்பார்கள். கேட்டார்கள்.

என்றாலும் சோதனை அங்கே முடியவில்லை. 2009 ஏப்ரலில் அந்தப் பகுதியின் நீர்த்தரக் கட்டுப்பாட்டு வாரியம் கவுண்டிக்கும் வனத்துறைக்கும் துப்புரவு ஆணை பிறப்பித்தது. மண் அரிப்பை நிறுத்து, எண்ணெய்ச் சிந்தலைத் தடு, கழிவைக் கட்டுப்படுத்து, மண் ஊறிக் கிடக்கும் காலத்தில் பாதையை மூடும் முறையை வகு. இவையெல்லாம் செய்யாவிட்டால்? பாதையே போய்விடும் என்று அந்த மலைக்காரர்கள் அஞ்சினார்கள். அஞ்சியது வீண் அச்சமில்லை.

அந்த ஆணையை நான் ரூபிகானின் நல்ல காலத் தொடக்கம் என்பேன். அதுவரை நல்லெண்ணமாக இருந்தது அதன்பின் கணக்காயிற்று. எந்த வளைவில் எவ்வளவு மண் அரிக்கிறது, எந்த ஓடைக்கடவில் எவ்வளவு வண்டல் இறங்குகிறது என்று ஒவ்வொரு இடமாகப் பார்த்துச் சீர்செய்யத் தொடங்கினார்கள். எல்லிஸ் ஓடையைச் சக்கரம் கலக்கிக்கொண்டு கடந்த இடத்தில் பாலம் வந்தது. சரிவுகளில் தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்பும் மேடுகள் வந்தன. திருப்பிய தண்ணீரின் மண் தங்கி நிற்கக் குழிகள் வெட்டினார்கள். சேறு விழும் இடங்களில் கல் பாவினார்கள். எண்ணெய் உறிஞ்சும் பொருட்கள் அடங்கிய பையொன்றை ஒவ்வொரு வண்டியும் வைத்திருக்க வேண்டும் என்று கவுண்டி விதியே வகுத்தது. இவற்றில் இயந்திரம் வைத்துச் செய்த பெரிய வேலைகளும் உண்டு, அரசுப் பணம் சென்ற வேலைகளும் உண்டு. கைவேலையில் பெரும்பங்கு தொண்டர்களுடையது.

பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறீர்களா? இது நல்ல கேள்வி, ஏனென்றால் கலிஃபோர்னியாவின் ஏற்பாடு தனித்தது. 1971-இல் அந்த மாநிலம் இயற்றிய சட்டப்படி, சாலைவிட்டு ஓடும் வண்டிகளின் பதிவுக் கட்டணமும், அவை எரிக்கும் பெட்ரோல் வரியில் ஒரு பங்கும் தனி நிதியில் சேரும். அந்த நிதியிலிருந்து பாதைப் பராமரிப்புக்கும் சட்டக் காவலுக்கும் சிதைந்த நிலத்தை மீட்பதற்கும் மானியம் தருவார்கள். மானியம் பெறுகிறவர் தம் பங்காக ஒரு தொகை காட்டவேண்டும். கையில் காசு இல்லாத கிளப் என்ன காட்டும்? தொண்டர்களின் உழைப்பு நேரத்தை மணிக்கணக்கில் எழுதி, ஒரு மணிக்கு இவ்வளவு டாலர் என்று மதிப்பிட்டு அதையே பங்காகக் காட்டலாம். ஆகவே வேலை நாளில் கையெழுத்துத் தாளில் ஒருவர் தம் பெயரையும் நேரத்தையும் எழுதுவது வெறும் வருகைப் பதிவு இல்லை. அவர் சுமந்த கல் ஒரு முறை பாதையில் விழுகிறது, இன்னொரு முறை மானியக் கணக்கில் விழுகிறது.

ஒரு வேலை நாள் எப்படி நடக்கும் என்று சொல்லுகிறேன். காலையில் எல்லோரும் பாதை முகப்பில் கூடுவார்கள். தாளில் கையெழுத்து. பிறகு பாதுகாப்புப் பேச்சு. தலைக்கவசம், கையுறை, முழுக்கை, கணுக்காலை மூடும் பூட்ஸ் என்று ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பார்கள். சங்கிலி ரம்பத்தை எல்லோரும் தொட முடியாது. வனத்துறையின் பயிற்சி பெற்று, முதலுதவிச் சான்றும் வைத்திருப்பவர்தான் தொடலாம். அதிலும் தகுதிப் படிகள் உண்டு. விழுந்த மரத்தைத் துண்டு போட ஒரு தகுதி, நிற்கும் மரத்தை வீழ்த்த அதற்கு மேல் ஒரு தகுதி. மற்றவர்களுக்குக் கடப்பாரை, மண்வெட்டி, மெக்லாட், புலாஸ்கி. மெக்லாட் ஒரு பக்கம் வாரி, மறுபக்கம் களைவெட்டி. புலாஸ்கி ஒரு பக்கம் கோடரி, மறுபக்கம் கொத்து. 1910-இல் வடமேற்கு மாநிலங்களில் மாபெரும் காட்டுத்தீ மூண்டபோது, தம் ஆட்களை ஒரு சுரங்கத்துக்குள் அழைத்துச் சென்று அவர்களில் பெரும்பாலோரைக் காத்த வனக்காவலர் எட் புலாஸ்கியின் பெயரைத் தாங்கிய கருவி அது. நூறாண்டுக்கும் மேலாகத் தீயணைப்போரும் பாதை சீர்செய்வோரும் அதைத் தோளில் சுமக்கிறார்கள்.

வண்டிக்கும் அன்று வேலை உண்டு. பாதையின் குறுக்கே விழுந்த பைன் மரத்தை வண்டியின் முன்னுள்ள வின்ச் என்னும் வட இழுவைப் பொறி இழுத்து ஒதுக்கும். நடந்து போய்ச் சேர ஒரு நாள் பிடிக்கும் இடத்துக்குச் சிமெண்டு மூட்டையையும் தகவல் பலகையையும் வேலிக் கம்பத்தையும் அந்த வண்டிதான் சுமக்கும். அந்த வண்டியால் வந்த சிக்கலைத் தீர்க்க அந்த வண்டியே வேண்டியிருக்கிறது.

இனி நான் சொல்லப்போவதுதான் இந்தப் பேச்சின் நடுநாயகம். கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

பாதையைத் திறந்து வைப்பதில் ஓட்டுகிறவருக்கு ஆர்வம் இருப்பது இயல்பு. விழுந்த மரத்தை அகற்றினால் நாளை அவரே போகலாம். இதில் வியக்க என்ன இருக்கிறது? வியக்க வைப்பது இன்னொரு வேலை. மூடும் வேலை. பள்ளத்தைச் சுற்றி யாரோ சட்டவிரோதமாகப் போட்ட பக்கத்தடம் இருக்கிறதல்லவா, அதை அழிக்கும் வேலை. வாய்க்குப் பெரிய பாறையை உருட்டி வைப்பார்கள். இறுகிய மண்ணைக் கொத்திவிடுவார்கள். உலர்ந்த கிளைகளையும் புதர்களையும் கொண்டுவந்து, அங்கேயே முளைத்து நிற்பவை போலச் செங்குத்தாக நடுவார்கள். தூரத்திலிருந்து பார்க்கிறவர் கண்ணுக்கு அங்கே ஒரு தடம் இருந்ததே தெரியக் கூடாது. தடம் தெரிந்தால் சக்கரம் வரும். தெரியாவிட்டால் சக்கரம் வராது. நட்ட கிளைகளின் நிழலில் விதை தங்கும், சருகு தங்கும், ஈரம் தங்கும். சில ஆண்டுகளில் உயிருள்ள புதர் அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும்.

யார் செய்கிறார்கள் இதை? அந்தத் தடத்தில் ஏறத் தெரிந்தவர்களே செய்கிறார்கள். ஏறினால் எவ்வளவு சுகம் என்று அறிந்தவர்களே செய்கிறார்கள். இந்த வேலைக்கு அவர்களைவிடத் தகுந்தவர் யார்? எந்தச் சந்தில் புகுந்து வெளியேற ஓர் ஓட்டுநர் ஆசைப்படுவார் என்று அலுவலகத்தில் இருக்கும் அதிகாரிக்குத் தெரியுமா? ஓட்டுகிறவருக்குத் தெரியும். பாறையை எங்கே வைத்தால் சுற்றிப்போக முடியாது என்று அவர் கை சொல்லும்.

தெற்குக் கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோ தேசியக் காட்டில் பாதையைத் தத்தெடுக்கும் ஏற்பாடே உண்டு. ஒரு கிளப் ஒரு பாதையை ஏற்றுக்கொள்ளும். ஆண்டுதோறும் வந்து அதில் உழைக்கும். பாதையின் முகப்புப் பலகையில் கிளப்பின் பெயர் இருக்கும். லாஸ் ஏஞ்சலிஸ் பெருநகரின் அருகிலிருக்கும் காடு அது. கூட்டத்துக்கும் குப்பைக்கும் அங்கே குறைவில்லை. பெயர்ப் பலகை மாட்டிய பாதையில் குப்பை கிடந்தால் அந்தக் கிளப்புக்கு வெட்கம். அந்த வெட்கத்தை நான் பெரிய செல்வமாக மதிக்கிறேன்.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். இவர்கள் சுயநலத்துக்காகத்தானே செய்கிறார்கள், பாதை மூடப்படாமலிருக்கத்தானே செய்கிறார்கள் என்று சிலர் கேட்பார்கள். ஆம், அதற்காகத்தான். அதில் என்ன பிழை? தன் கிணற்றைத் தூர்வாருகிறவனைப் பார்த்து உன் தாகத்துக்காகத்தானே வாருகிறாய் என்று யாராவது குறை சொல்வார்களா? நான் கேட்பது வேறு. சுயநலமும் காட்டின் நலமும் மோதும் இடத்தில் இவர்கள் எந்தப் பக்கம் நின்றார்கள்? எல்லா இடத்திலும் ஒரே பக்கம் நின்றார்கள் என்று சொன்னால் பொய்யாகும்.

ரூபிகான் பாதை ஓடும் அதே எல்டொராடோ தேசியக் காட்டில் நடந்தது இது. 2008-இல் அந்தக் காடு தன் மோட்டார்ப் பாதைத் திட்டத்தை வெளியிட்டது. இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. மலைமேல் இருக்கும் ஈரப் புல்வெளிகளைப் பல தடங்கள் குறுக்கே கடந்து சென்றன. அந்தப் புல்வெளிகள் சியெரா மலையின் நீர்த்தேக்கங்கள். பனி உருகும் நீரை நிறுத்தி வைத்துக் கோடையில் மெதுவாக விடுபவை. தவளைகளின் வீடு. நீதிமன்றம் வழக்குத் தொடுத்தவர்களின் வாதத்தில் நியாயம் கண்டது. 42 தடங்கள் மறுஆய்வுக்கு உள்ளாயின. கிளப்புகள் கொதித்தன. நீதிமன்றத்தைக் குறை கூறியவர்கள் இருந்தார்கள், வழக்குத் தொடுத்தவர்களைத் திட்டியவர்கள் இருந்தார்கள். என் மனம் இதில் வழக்குத் தொடுத்தவர்கள் பக்கம் சாய்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. அவர்கள் தொடுக்காவிட்டால் புல்வெளிகளை யாரும் அளந்து பார்த்திருக்கமாட்டார்கள். ஆனால் தீர்ப்போடு வேலை முடிந்துவிடுகிறதா? புல்வெளியைச் சுற்றிப் பாதையை மாற்றி வெட்டவும், கடக்கும் இடத்தைக் கல்லால் உறுதியாக்கவும், பழைய தடத்தில் புல் வரவைக்கவும் யாரோ கருவியோடு மலையேற வேண்டும். வழக்கறிஞர் ஏறமாட்டார். நீதிபதி ஏறமாட்டார்.

பொதுமக்கள் கருவியோடு மலையேறிக் காட்டைச் சீர்செய்யும் பழக்கம் அமெரிக்க மேற்கில் புதிதாக வந்ததும் இல்லை. ஓரிகன் மாநிலத்தில் டில்லமுக் என்று ஒரு காடு. 1933-இல் அங்கே பெருந்தீ. ஆறு ஆறு ஆண்டு இடைவெளியில் 1939, 1945, 1951 என்று மறுபடியும் மறுபடியும் தீ. கரிக்கட்டைகள் நிற்கும் வெறும் மலையாகக் கிடந்தது. 1949-இல் தொடங்கி ஏறத்தாழ கால் நூற்றாண்டு நட்டார்கள். மொத்தம் சுமார் 7 கோடியே 20 லட்சம் நாற்றுகள். கூலியாட்களோடு சிறைக் கைதிகளும் நட்டார்கள், பள்ளிப் பிள்ளைகளும் பேருந்தில் வந்து நட்டார்கள். 1973-இல் அது மாநிலக் காடாக அறிவிக்கப்பட்டது. இன்று அந்தக் காட்டில் ஜீப்புக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் வகுக்கப்பட்ட பாதைகள் உண்டு. மழை கொட்டும் நாடு அது. வடிகால் அடைத்தால் ஒரு குளிர்காலத்திலேயே பாதை கரைந்துவிடும். அந்த வடிகால்களை வாரும் தொண்டர்களில் கிளப் ஆட்களும் இருக்கிறார்கள்.

கடைசியாக, ஆட்சியில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. இதை அழுத்தமாகவே சொல்லுகிறேன்.

தொண்டர் இருக்கிறார், ஆகவே ஊழியர் வேண்டாம் என்ற கணக்கு இன்று பல நாடுகளில் கேட்கிறது. இது தவறான கணக்கு. 2016-இல் அமெரிக்க நாடாளுமன்றம் பாதைப் பராமரிப்புக்கென ஒரு சட்டம் இயற்றியது. தேசியக் காடுகளின் பாதைகளில் தொண்டர் உழைப்பை இரு மடங்காக்க வழி காண வேண்டும் என்று வனத்துறைக்குச் சொன்னது. நல்ல நோக்கம். பாராட்டுகிறேன். ஆனால் அந்தச் சட்டம் தானாக நிதி எதையும் ஒதுக்கவில்லை. 2025 பிப்ரவரியில் வனத்துறையிலிருந்து ஏறத்தாழ 3,400 பேர் வேலை நீக்க ஆணை பெற்றதாகச் செய்தி வந்தது. பிறகு அவர்களில் பலர் திரும்ப அழைக்கப்பட்டார்கள். அந்த இடைக்காலத்தில் வேலை நாள் குறித்துக் காத்திருந்த தொண்டர் குழுக்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். தொலைபேசியை எடுக்க யார் இருந்தார்கள்?

ரம்பம் பிடிக்கப் பயிற்சி கொடுப்பவர் ஊழியர். எந்த ஓடைக்கரையில் தவளை முட்டையிட்டிருக்கிறது, அங்கே இந்த மாதம் கல் புரட்டாதே என்று சொல்பவர் உயிரியல் படித்த ஊழியர். மண்ணுக்கடியில் பழங்குடியினரின் பழைய தடயம் இருக்கிறதா என்று பார்த்துச் சொன்ன பிறகுதான் மண்வெட்டி இறங்க வேண்டும், அதைப் பார்ப்பவரும் ஊழியர். மானியக் கணக்கில் கையெழுத்திடுபவரும் ஊழியர். நூறு தொண்டர்கள் கருவியோடு வந்து நின்றாலும், வேலையை அளந்து காட்ட ஒருவர் இல்லையென்றால், ஒன்று வேலை நடக்காது, அல்லது தவறாக நடக்கும். தவறாக வெட்டிய வடிகால் வெட்டாத வடிகாலைவிட அதிகம் அரிக்கும்.

ஆகவே தொண்டரை இரு மடங்காக்க விரும்பும் அரசு, அவர்களோடு மலையேறும் ஊழியரையும் சேர்த்தே கூட்டவேண்டும். ஒவ்வொரு வனச்சரகத்திலும் தொண்டர்களுக்கென்று ஒரு பொறுப்பாளர், அவருக்கு ஒரு வண்டி, ஒரு கருவி அறை, ஆண்டு முழுவதற்கும் நிலையான சம்பளம். கிளப்புகள் பல ஆண்டுகளாகக் கேட்டுவருவது இவ்வளவுதான். அவர்கள் கேட்பதில் தங்களுக்கென்று ஒரு டாலர்கூட இல்லை.